கொடை மேடையும் கலைவிழாவும்: நான்கு தவறான நம்பிக்கைகள்

சமூகப் பிரச்சினைகளைப் பேசும் கலைவிழாக்கள் நகர அரங்குகளை விட்டு ஊர்களுக்கு வருவது நல்லதே. குமரி மாவட்டத்து நாஞ்சில் நாட்டில் அப்படியொரு விழா நடத்த நினைப்பவர்கள் சில எண்ணங்களை முதலில் களைந்துவிட வேண்டும்.

நம்பிக்கை 1: கலையில் சமூகப் பிரச்சினை பேசுவது நகரத்தார் கற்றுக்கொடுத்தது.

உண்மை: அம்மன், மாடன் கோயில்களின் கொடை விழாக்களில் விடிய விடிய வில்லுப்பாட்டு கேட்டவர்கள் இதை ஏற்கமாட்டார்கள். அநியாயமாகக் கொல்லப்பட்ட பலர் அங்கே தெய்வமாக நிற்கிறார்கள். அப்படித் தெய்வமான முத்துப்பட்டனின் கதையில், பிராமண இளைஞனான அவன், செருப்புத் தைக்கும் சாதியைச் சேர்ந்த வாலப்பகடையின் மகள்கள் பொம்மக்காவையும் திம்மக்காவையும் மணக்க விரும்புகிறான். குடுமியையும் பூணூலையும் அறுத்துவிட்டு, செருப்புத் தைக்கக் கற்றுக்கொண்டு வா என்கிறார் பகடை. அவன் அப்படியே செய்கிறான். பிற்காலத்தில் அந்தப் பெண்களும் பிறப்பால் பிராமணரே என்று சேர்த்துப் பாடினார்கள். அது பிற்சேர்க்கை என்று காட்டினார் நாட்டார் வழக்காற்று ஆய்வாளர் நா. வானமாமலை. கதை சாதியை எவ்வளவு உறுத்தியது என்பதற்கு அந்தச் சேர்க்கையே சான்று.

நம்பிக்கை 2: பழைய வடிவத்தில் புதுச் சேதி ஒட்டாது.

உண்மை: வில்லடிக்கும் புலவர் பாட்டை நிறுத்தி ஊர்ப்பேச்சில் விளக்கம் சொல்வார், கூட இருப்பவர்கள் குறுக்கே கேள்வி கேட்பார்கள். இன்றைய சேதியைச் சொல்ல அங்கேயே இடம் இருக்கிறது. நாகர்கோவில் ஒழுகினசேரியில் பிறந்த நகைச்சுவை நடிகர் என்.எஸ். கிருஷ்ணன், 1949-இல் வந்த ‘நல்லதம்பி’ படத்தில் நந்தனார் காலட்சேபத்தைக் ‘கிந்தனார்’ ஆக்கினார். கோயில் தரிசனத்துக்கு ஏங்கிய நந்தனின் இடத்தில், படித்து முன்னேறும் ஒரு சிறுவன் வந்து நின்றான்.

நம்பிக்கை 3: ஒரு விழா ஊரை மாற்றிவிடும்.

உண்மை: 1990-களின் தொடக்கத்தில் அறிவொளி எழுத்தறிவு இயக்கத்தின் கலைக்குழுக்கள் தமிழக ஊர்களில் வீதி நாடகம் போட்டன. நாடகம் ஆட்களைத் திரட்டியது. எழுத்தைக் கற்றுத்தந்தவை அதன் பின் தொண்டர்கள் நடத்திய வகுப்புகள். 2011 கணக்கெடுப்பில் 91.75 விழுக்காடு எழுத்தறிவுடன் குமரி மாவட்டம் தமிழகத்தில் முதலிடம் பெற்றது. மயிலாடியிலும் நாகர்கோவிலிலும் 19-ஆம் நூற்றாண்டில் தொடங்கிய பள்ளிகளின் நீண்ட உழைப்பும் அதில் அடங்கியிருக்கிறது.

நம்பிக்கை 4: ஊர்க்காரர்கள் பார்வையாளர்கள் மட்டுமே.

உண்மை: 2015-இல் சென்னையின் மீனவக் குப்பமான ஊரூர் ஆல்காட் குப்பத்தில் கர்நாடக இசைப் பாடகர் டி.எம். கிருஷ்ணா, சூழலியல் செயற்பாட்டாளர் நித்யானந்த் ஜெயராமன் போன்றோர் குப்பத்து மக்களுடன் சேர்ந்து விழா தொடங்கினார்கள். கர்நாடக இசையும் பறையாட்டமும் ஒரே மேடை ஏறின. சபாவுக்குப் போய்ப் பழகியவர்கள் குப்பத்துக்கு வந்து உட்கார்ந்து கேட்டார்கள். அங்கே மாற வேண்டியவர்களில் விருந்தாளிகளும் உண்டு.

ஆகவே விழா நடத்துபவர்கள் என்ன சொல்லப்போகிறோம் என்பதற்கு முன்னால், இந்த ஊர் எதைப் பேச நினைக்கிறது என்று கேட்கட்டும். வில்லுப்பாட்டுக் கலைஞருக்கும் களியல் ஆடுபவர்களுக்கும் தொடக்க நிகழ்ச்சியில் பத்து நிமிடம் ஒதுக்குவது போதாது. விழாவைத் திட்டமிடும் கூட்டத்தில் அவர்களுக்கு இடமும், வெளியூர்க் கலைஞருக்குத் தரும் அதே சம்பளமும் வேண்டும்.