செடியில் பிறந்த நுரை

செடியிலிருந்து செய்த சலவைப்பொருள் ஆற்றுக்கு நன்மை, பெட்ரோலியத்திலிருந்து செய்தது நஞ்சு என்ற அபிப்பிராயம் கற்றவரிடத்தும் இன்று வேரூன்றி நிற்கிறது. நல்லெண்ணத்தில் பிறந்த நம்பிக்கைதான்; ஆயினும், சாக்கடை வழியே ஆற்றில் சேர்ந்த சலவைப்பொருளை அங்குள்ள நுண்ணுயிர்கள் சிதைத்து உண்ண இயலுமா என்பதே ஆற்றுக்கு ஜீவாதாரமான கேள்வியாதலால், பொருளின் பிறப்பை மட்டும் விசாரிப்பது பாதி விசாரணையே ஆகும்.

1950களில் மேற்கு ஜெர்மனியின் ஆறுகளில் நுரை குன்றுகளாய்க் குவிந்ததற்குக் காரணம், அக்காலத்துச் சலவைத்தூளில் இருந்த மூலக்கூறின் கார்பன் சங்கிலி கிளைகிளையாகப் பிரிந்திருந்தமையால், நுண்ணுயிர்கள் அதனை எளிதில் சிதைக்க மாட்டாது திகைத்ததுதான். 1961இல் அந்நாடு இயற்றிய சட்டம் 1964இல் அமலுக்கு வரவே, உற்பத்தியாளர் அதே பெட்ரோலியத்திலிருந்து கிளையற்ற நேர்ச்சங்கிலிப் பொருளைச் செய்யத் தலைப்பட்டனர், நுரையும் தணிந்தது. மாறியது மூலப்பொருளன்று, மூலக்கூறின் வடிவமே.

பட்டுப்புடவை அலசவும் நகை துலக்கவும் நம் வீடுகளில் உபயோகித்த பூந்திக்கொட்டையின் நுரைக்குக் காரணமான சபோனினோ, மீனின் செவுளைத் தாக்கி அதனைக் கொல்லவல்லது. சபோனின் மிகுந்த செடிகளை நசுக்கி நீரில் கலந்து மீன்பிடிக்கும் வழக்கம் உலகின் பல பாகங்களிலும் இருந்திருக்கிறது. அதுபோலவே, லாரில் சல்ஃபேட் என்னும் சலவைப்பொருளைத் தேங்காயெண்ணெயிலிருந்து செய்தாலும், அதே நீளச் சங்கிலியைப் பெட்ரோலியத்திலிருந்து செய்தாலும், வருவது ஒரே மூலக்கூறாகையால், தோலை உறுத்துவதிலும் பேதமில்லை.

இதனால் தாவர மூலப்பொருள் வீண் என்று கொள்வதும் பிழையே. அது சிதையும்போது வெளிப்படும் கரியமில வாயு, அண்மையில் அந்தச் செடி காற்றிலிருந்து கிரகித்ததேயன்றிப் பூமியின் ஆழத்தில் யுகயுகமாகப் புதைந்து கிடந்ததன்று. இதுவே அதன் உண்மையான மேன்மை. 1893இல் எமில் ஃபிஷர் சர்க்கரையையும் ஆல்கஹாலையும் இணைத்துக் காட்டிய வழியில், மாவுச்சத்தின் குளுக்கோஸும் தேங்காய் அல்லது செம்பனைக்கொட்டை எண்ணெயின் கொழுப்பு ஆல்கஹாலும் சேர்ந்து பிறக்கும் ஆல்கைல் பாலிகுளுக்கோசைடு என்னும் சலவைப்பொருள் தோலுக்கு மென்மையானது, நீரில் விரைந்து சிதைவது. 1990களில் அது பெருந்தொழிலாயிற்று. ஆனால் அந்த எண்ணெய்க்காகவே இந்தோனேசியாவிலும் மலேசியாவிலும் காடழித்துச் செம்பனைத் தோட்டங்கள் விரிந்தால், ஆற்றுக்குச் செய்த உபகாரம் காட்டுக்கு அபகாரமாய் முடியும். ஆகவேதான், ஸ்லோவாக்கியாவில் 2024இல் திறக்கப்பட்ட ஆலை ஒன்று, வெப்பநாட்டு எண்ணெய் எதனையும் நாடாமல், மக்காச்சோளச் சர்க்கரையைப் பாக்டீரியாவைக்கொண்டு நொதிக்கச்செய்து ராம்னோலிப்பிடு என்னும் சலவைப்பொருளைத் தயாரிக்கிறது.