மண்ணுக்கு ஒரு போர்வை

பள்ளிப்பட்டு, ஆந்திர எல்லையை ஒட்டி அமைந்த ஊர். எல்லைக்கு அப்பாலுள்ள மலைகளில் பெருமழை பொழிந்தால், அவ்வூரின் வழியே பாயும் கொசத்தலையாறு பெருக்கெடுக்கும். மாணவர்களே! அவ்வெள்ளத்தின் நிறத்தை நோக்குங்கள். அது தெளிந்த நீரன்று. மண் கரைந்த நீர். அம்மண் எங்கே செல்கிறது? அவ்வாற்றின் கீழ்ப்பகுதியில், 1944-ஆம் ஆண்டில் கட்டி முடிக்கப்பட்ட பூண்டி நீர்த்தேக்கம் உள்ளது. நீரின் வேகம் தணிந்ததும் மண் அங்கே படிகிறது. மேட்டு நிலம் வளத்தை இழக்கிறது. நீர்த்தேக்கமோ கொள்ளளவை இழக்கிறது.

வெப்ப நாடுகளில் மழை குறுகிய நேரத்தில் கொட்டித் தீர்க்கும். பெருந்துளிகள் வெற்று நிலத்தைத் தாக்கி மண்துகள்களைப் பெயர்க்கின்றன. ஓடும் நீர் அவற்றை வாரிச் செல்கிறது. ஓரங்குல மேல்மண் உருவாகப் பல நூற்றாண்டுகள் ஆகும். அதனை இழக்கச் சில ஆண்டுகளே போதும்.

இவ்வரிப்பைத் தடுக்க இக்காலத்தார் பிளாஸ்டிக் என்னும் நெகிழியால் ஆன விரிப்புகளைப் பயன்படுத்துகின்றனர். அவற்றுள் இருவகை உண்டு. ஒன்று, நீர் புகாத தாள். இது கால்வாய்களில் கற்காரைக்கு அடியிலும், பண்ணைக்குட்டைகளிலும் விரிக்கப்படுகிறது. மற்றொன்று, துணி போன்றது. இது நீரை வடியவிட்டு மண்ணை மட்டும் தடுத்து நிறுத்தும். ஆற்றங்கரைகளில் அடுக்கிய கற்களுக்கு அடியில் இதனை இடுவர்.

மண்கரைக்குக் காப்பு எத்துணை இன்றியமையாதது என்பதற்குப் பூண்டிக்குக் கிருஷ்ணை நீரைக் கொணரும் கால்வாயே சான்று. 1996-ஆம் ஆண்டில் அதில் முதன்முதலாக நீர் வந்தது. ஆயினும், கரைகள் அரிப்புண்டமையாலும் நீர் கசிந்தமையாலும் போதிய நீர் வந்து சேரவில்லை. 2002-ஆம் ஆண்டிற்குப் பின் கால்வாய் செப்பனிடப்பட்டுக் கரைகள் வலுவாக்கப்பட்டன.

எனினும், நெகிழியை எங்கும் விரித்தல் அறிவுடைமை ஆகாது. மலைச்சரிவில் நீர் புகாத தாளை விரித்தால், மண்ணுள் இறங்க வேண்டிய நீர் விரைந்தோடித் தாழ்நிலத்தை முன்னிலும் மிகுதியாக அரிக்கும். கடுவெயில் பட்டுப் பட்டு நெகிழி நைந்து, துகள்துகளாகி மண்ணிலே கலக்கும். ஆதலால் அதனை மண்ணாலோ கல்லாலோ மூடுதல் வேண்டும்.

சரிவுகளுக்கு ஏற்றது தென்னை நாரால் பின்னிய வலை. அது சில ஆண்டுகளில் மட்கிவிடும். அதற்குள் அதன் கண்களினூடே முளைத்த புல்லும் வெட்டிவேரும் மண்ணை இறுகப் பற்றிக்கொள்ளும்.

நீர் ஓடும் வழிக்குச் செயற்கைப் போர்வை. நீர் இறங்கும் நிலத்திற்குப் பசும்போர்வை. இவ்வேறுபாட்டை அறிந்து நடந்தால், நம் முன்னோர் விட்டுச்சென்ற மண்ணை நம் பின்னோர்க்கும் விட்டுச்செல்வோம்.