ஆஸ்பத்திரியில் முதியோருக்கு நேரும் சித்தக் கலக்கம்: உடனிருப்போர் செய்யத்தக்கவை

குடும்பத்தின் வரவு செலவுகளைப் பிறர் துணையின்றிப் பார்த்துவந்த ஒரு பெரியவர், இடுப்பெலும்பு முறிந்து ஆஸ்பத்திரியில் சேர்ந்து, சத்திர சிகிச்சையும் செவ்வனே முடிந்த மறுநாள் இரவில், பெற்ற மகனையே யாரென்று வினவுவதும், சுவரில் எறும்பு ஊர்வதாகக் கூறித் தட்டிவிடுவதும், கையில் ஏறும் குளுக்கோஸ் குழாயைப் பிடுங்கியெறிந்து வீட்டுக்குப் புறப்படுவதும் அபூர்வமான காட்சிகள் அல்ல. பைத்தியம் பிடித்துவிட்டதென்று அலறுவோரும், வயோதிகத்தில் இது சகஜமென்று வாளாவிருப்போரும் ஒருங்கே தவறுகின்றனர். ஜன்னி கண்டுவிட்டதென்று நம் பாட்டிமார் சொல்லிவந்த இந்நிலை, தேகத்தில் எங்கோ நேர்ந்துவிட்ட கோளாற்றை மூளை வெளியிடும் விதமேயாகும்.

முதற்காரியம் இதை இனங்காண்பது. மறதி நோய் மாதக் கணக்கில், வருஷக் கணக்கில் மெல்ல முதிர்வது. சித்தக் கலக்கமோ சில மணி நேரத்திலோ ஓரிரு நாளிலோ வந்து, காலையில் தெளிந்து அந்தியில் மீண்டும் கவிவது. காலையில் சுற்றிவரும் வைத்தியர் நோயாளியைத் தெளிவாகவே கண்டு செல்வாராதலால், இரவெல்லாம் உடனிருந்தவர் வாய் திறந்து சொன்னாலன்றி விஷயம் வெளிப்படுவதில்லை. அமெரிக்க வைத்தியர் ஷாரன் இனோயேயும் அவருடைய சகாக்களும் 1990இல் வெளியிட்ட பரிசோதனை முறை, திடீரென வந்து ஏறி இறங்கும் மாறுதல், கவனம் நிலைகொள்ளாமை ஆகிய இரண்டும் சேர்ந்திருந்து, அவற்றோடு பேச்சில் தொடர்பின்மையோ விழிப்பு நிலையில் பேதமோ காணப்படின் சித்தக் கலக்கமென்று ஐயுற வேண்டும் என்கிறது. கவனத்தைச் சோதிக்கக் கிழமைகளை சனி, வெள்ளி, வியாழன் என்று பின்னோக்கிச் சொல்லச் செய்யலாம். எழுத்தறியாதவரும் இதைச் சொல்லக்கூடும். முன்பு எளிதாகச் சொல்லக்கூடியவராயிருந்தவர் பாதியில் தடுமாறி வேறெதையோ பேசத் தொடங்கினால் அதனை அலட்சியம் செய்யலாகாது.

கூச்சலிடுவோரை எல்லோரும் கவனிப்பர். அழைத்தால் ஒரு வார்த்தை பதில் கூறிவிட்டுக் கண்ணை மூடிக்கொள்பவர், கஞ்சியை வாயிலேயே வைத்துக்கொண்டிருப்பவர், நாளெல்லாம் உறங்குபவர், ‘பாவம், நன்றாக ஓய்வெடுக்கிறார்’ என்று பாராட்டுப் பெறுகிறார்! உண்மையில் இந்த அமைதியான கலக்கமே முதியோரிடம் மிகுதி; கண்ணுக்குத் தப்புவதும் இதுவே.

தடுக்கும் வழிகள் சேர்க்கும் தினத்திலேயே தொடங்குகின்றன. உட்கொண்டுவரும் மாத்திரைகள் யாவற்றையும், தூக்க மாத்திரை உட்பட, வைத்தியரிடம் காட்டுக. நாள்தோறும் மது அருந்துபவராயின் மானத்துக்கு அஞ்சி அதை மறைப்பது பெருந்தீங்கு; குடி திடீரென நின்ற இரண்டு மூன்று நாட்களில் கைநடுக்கத்தோடு தொடங்கும் கலக்கம் உயிருக்கே ஆபத்தானது. மூக்குக் கண்ணாடி, காது கேட்கும் கருவி, பல்செட்டு ஆகியவை களவு போய்விடுமென்று வீட்டில் பூட்டிவைக்கப்படுகின்றன. பார்வையும் கேள்வியும் மங்கிய மனிதர் அந்நிய இடத்தில் குழம்பாமல் வேறென்ன செய்வார்? யேல் சர்வகலாசாலையைச் சார்ந்த ஆஸ்பத்திரியில் எழுபது வயதுக்கு மேற்பட்டோரிடம் நடத்தி 1999இல் வெளியிட்ட ஆராய்ச்சியில், பார்வை, கேள்வி, உறக்கம், நடமாட்டம், நீர்ச்சத்து, நினைவூட்டல் என்னும் இவற்றை முறையாகக் கவனித்த மாத்திரத்திலேயே சித்தக் கலக்கம் கண்டோர் நூற்றுக்கு 15 என்பதிலிருந்து 9.9 ஆகக் குறைந்தனர்.

ஆகவே பகலில் ஜன்னலைத் திறந்து வெளிச்சம் வரச் செய்து, இன்ன கிழமை, இன்ன ஆஸ்பத்திரி, இன்ன காரணத்தால் வந்தோம் என்பதை உபதேசம் போலன்றிப் பேச்சோடு பேச்சாக எடுத்துக்கூறி, பத்திரிகை படிப்பவராயின் படிக்கவும் விடுக. வைத்தியர் தடுக்காதவரை அடிக்கடி தண்ணீர் கொடுத்து, அவர் அனுமதித்த அன்றே எழுப்பி உட்காரவைத்து, கைப்பிடித்து நடக்கச் செய்க. சிறுநீர்க் குழாய் இன்னும் தேவைதானா என்று தினமும் கேட்பதில் தவறில்லை. இரவில் விளக்கைத் தணித்து, செல்போனை அடக்கி, உறங்கவிடுக. சாத்துக்குடியும் ஹார்லிக்ஸுமாகக் கூட்டங்கூட்டமாய் வரும் பந்துக்களை வாசலிலேயே நிறுத்தி, பழகிய முகம் ஒன்றிரண்டே மாறிமாறி அருகிருப்பது உத்தமம்.

இத்தனைக்குப் பின்னும் கலக்கம் வந்துவிட்டால், ‘நேற்றுவரை இப்படி இல்லை’ என்று நர்ஸிடமும் டாக்டரிடமும் தாமதமின்றிக் கூறுக. சிறுநீர்த் தொற்று, நுரையீரல் சளி, அடைபட்ட சிறுநீர், மலச்சிக்கல், தணியாத வலி, இரத்தத்தில் உப்புக் குறைவு, பிராணவாயுக் குறைவு, புதிதாகத் தொடங்கிய மருந்து ஆகியவற்றுள் எது காரணமென்று அவர்கள் தேட வேண்டும். அரிப்புக்கும் சளிக்கும் சாதாரணமாய்க் கொடுக்கும் சில மருந்துகளும் முதியோரின் சித்தத்தைக் கலக்கவல்லவை. தூக்க ஊசி போட்டு அடக்குங்கள் என்று நாமே வற்புறுத்துவது காரணத்தை மூடி மறைப்பதாகும். கைகளைக் கட்டிலோடு கட்டுவது திமிறலையும் பீதியையும் வளர்க்கும். சுவரில் எறும்பில்லை என்று வாதிட வேண்டாம். ‘நான் பக்கத்தில்தான் இருக்கிறேன்’ என்று தாழ்ந்த குரலில் சொல்லிக் கையைப் பற்றிக்கொண்டால் போதும்.

காரணம் நீங்கிய பின்னும் சிலருக்கு முழுத்தெளிவு வரச் சில வாரங்கள் செல்லலாம். ஒரு முறை இவ்வாறு கண்டவருக்கு மறுமுறை ஆஸ்பத்திரியில் சேரும்போதும் காணக்கூடும். எனவே டிஸ்சார்ஜ் சீட்டில் இதைக் குறித்துத் தரும்படி கேட்டு வாங்கி, அடுத்த சத்திர சிகிச்சைக்கு முன் மயக்க மருந்து கொடுக்கும் டாக்டரிடம் தவறாமல் காட்டுங்கள்.