மாடிப்படிக் கைபிடி ஆடுகிறதா?



இங்கிலாந்தில் தஞ்சம் கோரியவர்களுக்கு ஹோம் ஒபிஸ் ஒழுங்கில் கிடைக்கும் வீடுகளில் பலவற்றுக்கு ஒடுங்கிய, செங்குத்தான மாடிப்படிதான் இருக்கும். குளிருக்குக் காலுறையோடு நடப்போம். லமினேட் தரையில் காலுறை வழுக்கும். அந்த நேரம் கைகொடுப்பது கைபிடிதான்.

அண்மையில் நான் போன ஒரு வீட்டின் மேல்மாடியில் புதிதாக லமினேட் போட்டிருந்தார்கள். படித்தலைப்பில் நின்ற தூணைத் தொட்டேன், ஆடியது. வீட்டில் மூன்று வயதுப் பிள்ளை. "ஏன் ஒருத்தருக்கும் சொல்லேல்லை?" என்று கேட்டேன். "சொன்னால் கேசுக்குப் பாதிப்பு வருமோ எண்டு பயம், ரீச்சர்" என்றார் தாய்.

பயப்பட வேண்டாம். வீட்டுத் திருத்தம் கேட்பது உங்கள் தஞ்சக் கோரிக்கையின் தீர்மானத்தைப் பாதிக்காது.

தூண் ஏன் ஆடியது?

லமினேட் பலகைகள் ஒன்றோடொன்று கொளுவி, கீழ்த்தரையின் மேல் ஒட்டாமல் கிடப்பவை. ஈரப்பதனுக்கு ஏற்ப விரிந்து சுருங்கும். அதற்காகவே ஓரங்களில் ஏறத்தாழ 10 மி.மீ. இடைவெளி விடுவார்கள். தூணை அந்தப் பலகையில் திருகினால் பிடிமானம் இராது, தரையும் புடைக்கும். தூண் கீழே உள்ள மரச்சட்டத்தில் இறுக வேண்டும். முதலில் தூண், பிறகு அதைச் சுற்றிப் பலகை. அந்த வீட்டில் இது தலைகீழாக நடந்திருந்தது.

உங்கள் வீட்டில் பாருங்கோ

1. கைபிடியையும் தூணையும் மெதுவாக அசைத்துப் பாருங்கோ. உடம்புப் பாரத்தைக் கொடுக்க வேண்டாம்.
2. புதிய படிகளுக்கு உள்ள விதிப்படி கைபிடி 90 முதல் 100 செ.மீ. உயரத்தில் இருக்க வேண்டும். கம்பிகளுக்கு இடையே 10 செ.மீ. பந்து நுழையக் கூடாது. பழைய வீடுகளில் இந்த அளவு இல்லாமல் இருக்கலாம். சின்னப் பிள்ளை இருந்தால் அதையும் சொல்லுங்கோ.
3. மேலே லமினேட் போட்டால் கடைசிப் படி மட்டும் ஒரு சென்ரிமீற்றர் அளவு உயரலாம். கால் தடக்கும், கவனம்.

நீங்களே திருத்த வேண்டாம்

ஊரில் தச்சு வேலை செய்தவராக இருந்தாலும் வேண்டாம். சுவருக்குள் மின்கம்பியோ தண்ணீர்க் குழாயோ போகலாம். 2000ஆம் ஆண்டுக்கு முன் கட்டிய வீடுகளில் அஸ்பெஸ்டஸ் இருக்கக்கூடும், துளைத்தால் அதன் தூசு ஆபத்து.

எப்படி அறிவிப்பது?

திகதி தெரியும்படி படம் எடுங்கோ. மைக்ரண்ட் ஹெல்ப் இலவச இலக்கத்துக்கு அழைத்து, "தமிழ் இன்ரர்பிரிற்றர், பிளீஸ்" என்று கேளுங்கோ. பிறகு இதைச் சொல்லுங்கோ: "த ஹான்ட்ரெயில் இஸ் லூஸ். தெயர் இஸ் எ சைல்ட் இன் த ஹவுஸ்." இரண்டு தரம் வாய்விட்டுச் சொல்லிப் பழகுங்கோ. அவர்கள் தரும் முறைப்பாட்டு இலக்கத்தைக் கொப்பியில் எழுதி வையுங்கோ. ஒருவரும் வராவிட்டால் அந்த இலக்கத்தைச் சொல்லித் திரும்பவும் அழையுங்கோ.

திருத்தும் வரை காலுறையோடு படி ஏற வேண்டாம். பிள்ளையின் கையை விடாதேங்கோ.