மலைமேல் ஒரு கோடைக்காலத்துப் பால்

அன்புள்ள கயல்விழி,

ருமேனிய இடையர் திருவிழாவில் என்னென்ன சாப்பிடுவார்கள் என்று கேட்டிருந்தாய். பெயர்களை மட்டும் சொன்னால் மறந்துவிடுவாய்; ஒவ்வொன்றும் ஏன் பிறந்தது என்று தெரிந்துகொண்டால் மறக்கமாட்டாய்.

கார்ப்பாத்திய மலைச்சாரலில் பிரான் என்றொரு வட்டாரம். வசந்தத்தில் ஊரார் தங்கள் ஆடுகளை இடையர்களிடம் ஒப்படைப்பார்கள். கோடை முழுக்க மந்தை மலைமேல் மேயும். இலையுதிர் காலத்தில் கீழே இறங்கியதும் ஆடுகளைப் பிரித்து அவரவரிடம் சேர்த்துக் கணக்குத் தீர்ப்பார்கள். அந்த நாளே திருவிழா.

மலையில் பால் பெருகும். வாங்க ஆள் கிடையாது. பனிக்காலத்திலோ பாலே இருக்காது. இந்த இரண்டையும் சமாளிக்கப் பிறந்தவைதான் இடையர் உணவுகள்.

மலைப்பட்டியின் தலைமை இடையருக்குப் 'பாச்' என்று பெயர். அவர் பாலை உறையவைத்து, நீரை வடித்து, 'காஷ்' என்ற இளம் பாலாடைக்கட்டியைச் செய்வார். வடிந்த நீரையும் கொட்டிவிடுவதில்லை. அதை மீண்டும் காய்ச்சினால் மென்மையான 'உர்தா' திரண்டு வரும். காஷைப் புளிக்கவிட்டு, அரைத்து, உப்புப் பிசைந்து ஆட்டின் இரைப்பையில் அடைத்தால் 'புர்துஃப்'. காற்றுப் புகாமல் இறுக அடைப்பதாலும் உப்பாலும் அது மாதக்கணக்கில் கெடாது. ஊசியிலை மரப்பட்டையில் அடைப்பதும் உண்டு. அப்போது மரப்பிசினின் மணம் கட்டியில் ஏறிவிடும்.

இதற்குத் துணை 'மமலிகா' என்ற மக்காச்சோளக் களி. மக்காச்சோளம் அமெரிக்காவிலிருந்து வந்த பயிர். ருமேனியாவில் அது பரவியது 17ஆம் நூற்றாண்டு வாக்கில்தான். ஆனால் அடுப்பும் ஒரு கொப்பரையும் போதும் என்பதால் இடையர்களுக்கு அது உடனே பொருந்திப்போனது. களியை உருட்டி, நடுவே புர்துஃப் வைத்துத் தணலில் சுட்டால் 'புல்ஸ்'. மேலே மொறுமொறுப்பு, உள்ளே உருகிய கட்டி. தண்ணீருக்குப் பதில் கொழுப்பு மிகுந்த ஆட்டுப்பாலிலேயே மாவைக் கிளறினால் 'பல்மோஷ்'. குளிரில் நாளெல்லாம் நடப்பவருக்கு அந்தக் கொழுப்பு தேவை.

மந்தையோடு மலையேறி இறங்கும் இந்த வாழ்க்கைமுறையை யுனெஸ்கோ மரபுப் பட்டியலில் சேர்த்திருக்கிறது. 2023இல் அந்தப் பதிவு விரிவுபடுத்தப்பட்டபோது அதில் ருமேனியாவும் இடம்பெற்றது. பட்டியல் பெருமை தரும். மரபைக் காப்பதோ பால் கறந்து கட்டி செய்யும் கைகள்தான். கற்றுக்கொள்ள இளையவர்கள் வராவிட்டால் விழாவில் வெறும் தின்பண்டம்தான் மிஞ்சும்.

இனி எந்த நாட்டு உணவைப் பற்றிப் படித்தாலும், அது எந்தக் குறையைத் தீர்க்கப் பிறந்தது என்று முதலில் கேள். அந்த மக்களை அறிய அது நல்ல வழி.

அன்புடன்,
பெரியப்பா