சபை வரலாறு எழுதப்போகும் மருமகனுக்கு

கர்த்தருக்குள் பிரியமான மருமகனே,

உன் கடிதம் கிடைத்தது. பிரதிஷ்டைப் பண்டிகை மலருக்கு நம் ஊர்ச் சபையின் வரலாற்றை எழுதும் பொறுப்பைக் கமிட்டியார் உன்னிடம் கொடுத்திருப்பதைக் கேட்டு மனம் குளிர்ந்தது. படித்த பிள்ளை, பொறுமையுள்ள பிள்ளை. சரியான கையில்தான் கொடுத்திருக்கிறார்கள். பழைய போட்டோக்கள் கேட்டிருந்தாய். என்னிடம் இருப்பவற்றை உன் சித்தி ஊருக்கு வரும்போது கொடுத்தனுப்புகிறேன்.

நீ எழுதியனுப்பிய தலைப்புகளைப் பார்த்தேன். மிஷனெரிமார், கோயில் கட்டின விவரம், ஊழியம் செய்த குருவானவர்கள் வரிசை, மணிக்கும் கோபுரத்துக்கும் கொடுத்தவர்களின் பெயர்கள், வாழ்த்துரைகள். ஒன்றும் தள்ளத்தக்கதல்ல. ஆனால் இவ்வளவில் நின்றுவிட்டால், எல்லா ஊர் மலரிலும் இருப்பதுதான் நம் மலரிலும் இருக்கும். ஊர்ப்பெயரை மாற்றிப் போட்டால் எந்தச் சபைக்கும் பொருந்திவிடும். விடியுமுன் பனையேறிவிட்டு, கை கால் கழுவி, ஆராதனைக்கு வந்து பாயில் உட்கார்ந்தவர்கள் எங்கே? கருப்பட்டியைக் காணிக்கையாகக் கொண்டுவந்து வைத்தவர்கள் எங்கே? அவர்களை முதலில் தேடு. நான் உனக்குச் சொல்ல விரும்புவது இந்த ஒன்றுதான்.

தேட வேண்டிய இடம் பதிவேடுகள். நம் திருநெல்வேலிச் சீமையின் சபைச் சரித்திரமே ஒரு பெயர்ப் பட்டியலில்தான் தொடங்குகிறது. பாளையங்கோட்டையில் 1780-ல் எழுதிவைத்த சபைப் பதிவில் இருந்தவர்கள் 40 பேர். அவர்களில் ஒருத்தி கிளாரிந்தாள். தஞ்சாவூரிலிருந்து வந்த மராட்டியப் பிராமண விதவை. ஆங்கிலேய ராணுவ அதிகாரி ஒருவரோடு வாழ்ந்தவள். அந்த வாழ்க்கையைக் காரணம் காட்டி அவளுக்கு ஞானஸ்நானம் கொடுக்க மிஷனெரி சுவார்ட்ஸ் ஐயர் முதலில் மறுத்தார். அந்த அதிகாரி இறந்தபின், 1778-ல்தான் கொடுத்தார். 1785-ல் பிரதிஷ்டை செய்யப்பட்ட கோயில் அவள் முயற்சியால் எழுந்தது. பிறகு 1790-ல் குருப்பட்டம் பெற்ற சத்தியநாதன் ஐயர் அந்தச் சபையை நடத்த வந்தார். ஆக, நம் சபைகளின் முன்னோடி, ஒரு காலத்தில் திருமுழுக்குக்குத் தகுதியில்லை என்று நிறுத்திவைக்கப்பட்ட ஒரு பெண். இதை மறைத்து எழுதியிருந்தால் நமக்கு என்ன மிஞ்சியிருக்கும்? நீயும் உன் ஊர்க் கதையில் எதையும் மறைக்காதே.

நம் கோயில் அறையில் இருக்கிற இரும்புப் பெட்டியைத் திறக்க ஐயரிடம் அனுமதி வாங்கு. ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் என்று மூன்று வகைப் பதிவேடுகள் இருக்கும். ஓரங்கள் பொடிந்துபோயிருக்கும், எச்சில் தொட்டுப் புரட்டாதே, லேமினேஷன் செய்கிறேன் என்று யாராவது வந்தால் விடாதே. ஜன்னல் வெளிச்சத்தில் வைத்து, பக்கம் பக்கமாகப் போனில் படம் எடுத்துக்கொள். ஞானஸ்நானப் பதிவேட்டில் பெரியவர்களாக வந்து முழுக்குப் பெற்றவர்களின் பழைய பெயரும் புதுப் பெயரும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். தொழில் என்ற கட்டத்தில் வரிசையாகப் பனையேற்று, பனையேற்று என்றே வரும். நடுவில் ஒரு வண்ணார், ஒரு கொத்தனார் என்று வந்தால் நிறுத்தி, அந்த வீடு எது, இப்போது யார் இருக்கிறார்கள் என்று விசாரி. அடக்கப் பதிவேட்டில் மரணத்துக்குக் காரணம் என்ற இடத்தில் வாந்திபேதி என்று மேலிருந்து கீழ்வரை ஒரே கையெழுத்தில் வருகிற பக்கங்கள் உண்டு. ஒரே தகப்பன் பெயர் மூன்று வரிக்குள் மறுபடி மறுபடி வரும். அந்தப் பக்கத்தை எழுதின உபதேசியார்தான் குழி தோண்ட ஆள் பிடித்து, ஜெபம் பண்ணி, வீட்டுக்கு வந்து மையைத் தொட்டு எழுதியிருப்பார். அந்த ஒரு பக்கத்தை மலரில் முழுதாக அச்சிடு. வாழ்த்துரை ஒன்று குறைந்தாலும் பரவாயில்லை.

நம் முன்னோர்கள் ஏன் வந்தார்கள் என்ற கேள்விக்கு, சுவிசேஷம் கேட்டு மனந்திரும்பினார்கள் என்று ஒரு வரியில் எழுதி முடித்துவிடாதே. அப்படியும் வந்தார்கள். அடிபட்டும் வந்தார்கள், பசித்தும் வந்தார்கள். 1799-ல் உபதேசியார் தாவீது சுந்தரானந்தம் முதலூர் கிராமத்தை உண்டாக்கினதே, விசுவாசத்தின் நிமித்தம் துன்புறுத்தப்பட்டவர்கள் தலைசாய்க்க ஓர் இடம் வேண்டும் என்றுதான். மிஷனெரி ரேனியஸ் ஐயர் 1830-ல் தரும சங்கத்தைத் தொடங்கி, துரத்தப்பட்டவர்களுக்கு நிலம் வாங்கிக் குடியமர்த்தினார். 1877-ன் பெரும்பஞ்சத்தை ஒட்டிப் பல்லாயிரம் பேர் நம் பக்கத்துச் சபைகளில் சேர்ந்தார்கள். சோற்றுக்காக வேதத்தில் சேர்ந்தவர்கள் என்று ஏசுவதைப் பள்ளிக்கூடத்தில் நீயும் கேட்டிருப்பாய். அதற்கு வெட்கப்பட்டுக் கதையை மாற்றாதே. பசித்து வந்த ஒருவருடைய பேரன், தன் அரிசியில் ஒரு பிடி எடுத்துத் தூர தேசத்துக்கு ஊழியரை அனுப்பினான் என்றால், அந்த மாற்றம் எந்தப் பிரசங்கத்தையும்விடப் பெரியது. வந்த விதத்தை மறைத்தால் இந்த மாற்றமும் தெரியாமல் போய்விடும்.

சண்டைகளையும் எழுது. சி.எம்.எஸ். மிஷனெரி சங்கம் 1835-ல் ரேனியஸ் ஐயரை விலக்கியபோது இந்தச் சீமையின் உபதேசிமாரும் சபைகளும் இரண்டாகப் பிரிந்து நின்றார்கள். 1838-ல் அவர் இறந்த பிறகுதான் பிளவு ஆறியது. நாசரேத் பக்கத்தில் சட்டம்பிள்ளை என்பவர், மிஷனெரிமாரோடு முரண்பட்டு வெளியேறி, 1857-ல் பிரகாசபுரத்தில் தனிச் சபையே தொடங்கினார். சட்டம்பிள்ளையின் சமூகத்தைப் பற்றி மிஷனெரி கால்டுவெல் எழுதிய புத்தகம் அவர் மனதைப் புண்படுத்தியிருந்தது. வெள்ளைக்காரர் தயவு இல்லாமல் நம்மால் கிறிஸ்துவை ஆராதிக்க முடியும் என்று அவர் எழுந்து நின்றதை நான் மதிக்கிறேன். நம் ஊரிலும் கோபித்துக்கொண்டு போன குடும்பங்கள் உண்டு. சிலர் பெந்தெகொஸ்தே சபைக்குப் போனார்கள், சிலர் எங்கும் போகாமல் வீட்டில் இருந்துவிட்டார்கள். அவர்கள் வீட்டுக்கும் போ. ஏன் போனீர்கள் என்று கேட்காதே. கோயிலைப் பற்றி உங்களுக்கு நினைவிருப்பதைச் சொல்லுங்கள் என்று கேள். சொல்லுவார்கள்.

இனி, எழுதக் கடினமான ஒன்று. சாதி. ஒரே அப்பத்தில் பங்குபெற்றவர்கள் ஒரே பந்தியில் உட்காராத காலம் நம் சபையிலும் இருந்தது. ஒதுக்கிவைக்கப்பட்ட மேலத்தெருக்காரர்கள் கோயிலின் பின்பக்கத்தில் உட்கார்ந்ததை என் சின்ன வயதில் கண்ணால் கண்டிருக்கிறேன். அசனப் பண்டிகைக்கு நம் வீட்டு ஆண்கள் கிடா வெட்டி, பெரிய செம்பில் குழம்பு கொதிக்க, ஊரே மணக்கும். எல்லாரும் சமமாய் உண்பதற்கென்று ஏற்பட்ட விருந்து அது. அதிலேயே கடைசிப் பந்தி யாருக்கு என்பது எல்லாருக்கும் தெரிந்திருந்தது. கமிட்டிக் கூட்டத்தில் இதைக் கேட்டால் அப்படி ஒன்றும் இல்லையே என்பார்கள். மேலத்தெருவுக்குப் போய்த் திண்ணையில் உட்கார்ந்து, காப்பி கொடுத்தால் வாங்கிக் குடித்து, பாட்டிமார் சொல்வதை அவர்கள் வாயால் சொன்னபடியே எழுதிக்கொண்டு வா. அந்தப் பகுதியை வெட்டச் சொன்னால் பெரியவர்களிடம் மரியாதையோடு, ஆனால் உறுதியாகப் பேசு. வெட்டினால்தான் அச்சிடுவோம் என்றால் என்னிடம் சொல், நான் வந்து பேசுகிறேன்.

பெண்களுக்கு வருகிறேன். உன் தலைப்புகளில் ஒரு பெண் பெயர்கூட இல்லை, கவனித்தாயா? நம் கோயிலைத் தாங்கினது பெரும்பாலும் பெண்கள் கைதான். காலையில் உலைக்கு அரிசி அளக்கும்போது, அதிலிருந்து ஒரு பிடியை எடுத்து மூலையில் இருக்கிற கலயத்தில் போடுவாள் என் அம்மா. வீட்டில் அரிசி குறைவாக இருந்த நாளிலும் முதலில் அந்தப் பிடி, பிறகுதான் உலை. ஞாயிற்றுக்கிழமை அது மஞ்சள் பையில் கோயிலுக்குப் போகும். எல்லா வீட்டு அரிசியும் ஒன்றாகச் சேரும், புழுங்கலும் பச்சையும் கலந்தே இருக்கும். அப்படிச் சேர்ந்ததெல்லாம் காசாக மாறித்தான் எத்தனையோ ஊழியம் நடந்தது. 1903-ல் திருநெல்வேலிக்காரர்கள் தங்கள் சொந்தப் பணத்தில் இந்திய மிஷனெரி சங்கத்தை ஆரம்பித்து, நிஜாம் ராஜ்யத்துத் தோர்ணக்கல்லுக்கு ஆள் அனுப்பினார்கள். அதற்கு முன்னின்ற அசரியா, வெள்ளாளன்விளையில் ஒரு கிராமத்து ஐயரின் மகனாய்ப் பிறந்தவர். 1912-ல் ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்தியப் பேராயரானார். அவர் பெயர் எல்லா மலரிலும் வரும், வரட்டும். கலயத்தில் பிடி அரிசி போட்டவர்களின் பெயரும் நம் மலரில் வரவேண்டும். பெண்கள் ஐக்கிய சங்கத்து நோட்டுகள் என்னிடம் இருக்கின்றன. யார் வீட்டிலிருந்து எத்தனை படி என்று கோடு போட்டு எழுதியிருக்கிறது. வீடு வீடாய்ப் போய் வேதம் வாசித்துக் காட்டின பைபிள் உமன்மார் பெயர்களையும் அதிலேயே காணலாம். எல்லாவற்றையும் அனுப்புகிறேன், பத்திரமாய்த் திருப்பிக் கொடு.

உபதேசியார்களை மறந்துவிடாதே. நம் ஊர், பல ஊர்ச் சபைகள் சேர்ந்த பெரிய சேகரத்தில் ஒரு சின்ன மூலை. ஐயர் திருவிருந்து கொடுக்க மாதத்துக்கு ஒரு தரம் வந்தால் உண்டு. மற்ற நாளெல்லாம் மாலை மணி அடித்து ஜெபம் நடத்தினவர், பிள்ளைகளுக்கு அரிச்சுவடி சொல்லிக்கொடுத்தவர், பாமாலையும் கீர்த்தனையும் ராகம் தப்பாமல் பாடப் பழக்கினவர், வீட்டுச் சண்டையைத் தீர்த்தவர் உபதேசியார்தான். ஊர்விட்டு ஊர் மாற்றிக்கொண்டே இருந்ததால் அவர்களுடைய சந்ததி இப்போது எங்கே இருக்கிறதென்று ஊரில் எவருக்கும் தெரியாது. கையெழுத்தை வைத்துப் பெயரைப் பிடி. திருமண்டலப் பத்திரிகையான நற்போதகத்தின் பழைய இதழ்களில் மாறுதல் விவரம் கிடைத்தாலும் கிடைக்கும்.

பெருமைக்காக எதையும் சேர்க்காதே. மெய்ஞானபுரத்துக் கோபுரம் 192 அடி; நம் மாடம் தென்னை உயரம்கூட இல்லை. அதனால் ஒரு குறையும் இல்லை. நம் கோயிலுக்கு அஸ்திவாரம் போட்டது இன்ன பெரிய மிஷனெரி என்று ஆளாளுக்குச் சொல்வார்கள். கல்வெட்டிலோ பதிவேட்டிலோ இருந்தால் எழுது, இல்லாவிட்டால் விட்டுவிடு. கல்வெட்டின் ஆண்டும் பதிவேட்டின் ஆண்டும் வேறாக இருந்தால் இரண்டையும் போடு.

கதையை 1947-ல், தென்னிந்தியத் திருச்சபை உருவானதோடு முடித்துவிடாதே. பழைய மிஷன் சங்கங்களின் பெயரால் எஸ்.பி.ஜி. ஊர், சி.எம்.எஸ். ஊர் என்று பேசுகிற பழக்கம் அதற்குப் பிறகும் போகவில்லை என்பது என் தலைமுறைக்குத் தெரியும். பனையேற்று ஓய்ந்ததும், பிள்ளைகள் சென்னைக்கும் பம்பாய்க்கும் கடை வைக்கப் போனதும், பிறகு வளைகுடாவுக்குப் போனதும் சபையின் சரித்திரம்தான். 2003-ல் தூத்துக்குடி-நாசரேத் திருமண்டலம் திருநெல்வேலியிலிருந்து தனியானது. திருமண்டலத் தேர்தல் வந்தால் அண்ணனும் தம்பியும் முகம் பார்க்காத நிலை நம் ஊருக்கும் வந்திருக்கிறது. எந்த அணியையும் குறிப்பிடாமல், உள்ளதை உள்ளபடி ஒரு பத்தி எழுது. சாதாரண ஞாயிற்றுக்கிழமையில் முன்வரிசை காலியாகக் கிடக்கிறது, அசனத்தன்று கோயில் கொள்ளாது. இரண்டு நாளையும் படம் எடுத்துப் போடு.

வயதானவர்களை இந்த மாதத்திலேயே பார்த்துவிடு. கோயில் பணி பார்த்த குட்டியாருக்குக் கண் மங்கிவிட்டது, ஞாபகம் இன்னும் தெளிவாய் இருக்கிறது. முதலில் அவரிடம் போ. கேட்பதை ரெக்கார்டு செய்துகொள், ஆனால் முன்கூட்டியே சொல்லிவிட்டுச் செய். கல்லறைத் தோட்டத்தில் பெயர் அழிந்த கற்களைச் சுண்ணாம்பு தடவிப் படிக்காதே, சாயங்கால வெயில் சாய்வாக விழும்போது நின்று பார், எழுத்து தெரியும். பெயர்ப் பட்டியலை மட்டும் எனக்கு முன்னதாக அனுப்பு. யார் யாருக்கு மகள், எந்த வீட்டில் வாழ்க்கைப்பட்டாள் என்பதில் தப்பு வரக்கூடாது. நான் சரிபார்த்து ஒரு வாரத்தில் திருப்பி அனுப்பிவிடுகிறேன்.

கர்த்தர் உன் கையின் வேலையை ஆசீர்வதிப்பாராக.

அன்புள்ள,
அத்தை