விரைவுச் சோதனை கற்பித்த பாடம்

2020ஆம் ஆண்டுக் கொரோனாப் பெருந்தொற்றின்போது தமிழகம் வந்த சீன விரைவுச் சோதனைக் கருவிகள், குருதியில் எதிர்ப்பொருளைத் தேடின. எதிர்ப்பொருளோ தொற்றிச் சில நாள் கழிந்தே தோன்றும். கருவிகளின் முடிவுகளும் பெரிதும் முரண்பட்டன. ஆகவே, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஏப்ரல் 27 அன்று அவற்றைத் திருப்பியளிக்கப் பணித்தது.

ஜூன் 14 அன்று அக்கழகம் பரிந்துரைத்த ஆன்டிஜென் சோதனையோ, மூக்குச் சளியில் வைரசின் புரதத்தையே தேடுவது. நோயாளியின் அருகிலேயே அரை மணியில் விடை தருவது. பெரிய ஆய்வகம் இல்லாத இளையாத்தங்குடி போன்ற ஊர்களுக்கு இத்தகைய சோதனை பெருந்துணையாகும். எனினும், வைரசு குறைந்திருப்பின் அதனைக் காணத் தவறும். எனவே, நோய்க்குறி உடையவர்க்குத் ‘தொற்று இல்லை’ என வரின், பி.சி.ஆர். சோதனையால் உறுதிசெய்தல் வேண்டும் என்றது கழகம். ‘உண்டு’ என்பதை ஏற்போம். ‘இல்லை’ என்பதை மட்டும் நம்பி, காய்ச்சலோடு முதியோரை அணுகாதிருப்போம்.